யோகட் கப்

மூன்று மாதம் ஒரு சொட்டு இல்லை.
விடிய ஐந்தரைக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று,
நிரஞ்சன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் ஒன்று,
லிஃப்டை நிற்பாட்ட முன்னம் கடைசியாய் ஒன்று.
நாலாம் மாடியிலிருந்து இறங்கும்வரை
பின்னங்கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டு
பேட்டிக்கு வந்த ஆள் மாதிரி நிற்கும்.
இரண்டாம் மாடி ஹமீதா மிஸ் சொன்னா:
"உங்கட பட்டாணி என்ட பேரனைவிடத் திறம்."

புதன்கிழமை சோபாவுக்கு முன்னால் ஒரு குளம்.
கீழே அகன்று, மேலே ஒடுங்கி, இலங்கைப் படம்.
யாழ்ப்பாணம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு துளி மட்டும் தனியாக.
வியாழன், கட்டில் விரிப்பு.
வெள்ளி, நடு ஹோலில்,
என் முகத்தைப் பார்த்தபடியே குந்தியது.

அந்தப் பார்வைதான் என்னைக் கிளப்பியது.

பக்கத்துக் காணியில் பைலிங் அடிக்கிறாங்கள், அந்தப் பயம் என்றேன் முதலில்.
மழை என்றேன்.
"பழிவாங்குது" என்றான் நிரஞ்சன்,
வினாகிரிப் போத்தலை என்னிடம் நீட்டி.
நான் பேப்பரைச் சுருட்டினேன்.
அடிக்கவில்லை. தரையில்தான் அடித்தேன்.
யாரும் கேட்காமலே இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சனிக்கிழமை வீடு காய்ந்து கிடந்தது.
வென்றுவிட்டேன் என்று தேத்தண்ணி போட்டேன்.
ஞாயிறு மணத்தது.
பிரிட்ஜை இழுத்துப் பார்த்தால் பின்னால்
இரண்டு நாள் சலம்,
தூசியும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் மிதக்க.

வீட்டுக்குள் போகக்கூடாது என்று அது படிக்கவில்லை.
எனக்குத் தெரியக்கூடாது என்று படித்திருக்கிறது.

போன வருசம்
ஒரு சைபர் கூடிப்போன வவுச்சரை
பதினொரு நாள் லாச்சிக்குள் வைத்திருந்தேன்.
மனேஜரின் கதவு திறக்கும்போதெல்லாம்
பென்சில் சீவினேன்.

தெஹிவளையில் டொக்டர் இனோகா
வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு
சாம்பிள் கேட்டா. காலையில் போவது, முதல் துளி.
இப்படித்தான் ஒரு திங்கட்கிழமை, வெள்ளவத்தையில்,
மரைன் டிரைவ் ஓரமாய்,
இரவுச்சட்டைக்கு மேல் மழைக்கோட்டுடன்
கழுவிய யோகட் கப்பை நீட்டிக்கொண்டு
ஒரு நாயின் பின்பக்கத்தைத் துரத்தினேன்.
அது குந்தும். நான் குனிவேன்.
அது எழும்பிவிடும்.
பாணந்துறைப் பக்கமிருந்து வந்த ரயிலில்
கதவில் தொங்கியவர்கள் கையசைத்தார்கள்.
வொச்சர் குணபால டோர்ச் அடித்து உதவினார்,
சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

கிடைத்தது நாலு தேக்கரண்டி.
கையில் இளஞ்சூடு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
பால் விடாத தேத்தண்ணி நிறம்.

"இன்பெக்ஷன்" என்றா டொக்டர்.
பிறகு எனக்காகத் தமிழைத் தேடி எடுத்து,
"பாவம். எரியும்தானே. வைக்க ஏலாது."

வெள்ளிக்கிழமைப் பார்வையை
இனி வேறு மாதிரி வாசிக்கலாம்.
வாசிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

பத்து நாள் குளிசை.
கோழிக்கூட்டுப் பழத்துக்குள் ஒளித்துக் கொடுக்க
பழத்தை உண்டு குளிசையைத் துப்பும்.
நெத்தலிக்குள் வைத்தால் இரண்டும் போகும்.
பேப்பர்க்காரன் பேப்பரை வாசலில் எறிகிற சத்தத்துக்கு
இன்னும் மேசைக்குக் கீழே ஓடுகிறது.
அதற்குக் குளிசை இல்லை.

ஐந்தாம் நாள் இரவு, இரண்டு மணி இருக்கும்,
கட்டிலுக்கு வெளியே தொங்கிய என் காலில்
ஈர மூக்கு ஒன்று முட்டியது.
பிரிட்ஜுக்குப் பின்னால் போகவில்லை.
என்னிடம் வந்தது.

லிஃப்ட் இல்லை. தூக்கிக்கொண்டு படியால் இறங்கினேன்.
மூன்றாம் மாடி தாண்டினோம்.
"கொஞ்சம், கொஞ்சம்" என்றேன், அதற்கா எனக்கா தெரியாது.
இரண்டாம் மாடியில்
என் வயிற்றோடு ஒட்டிச் சூடாய் ஏதோ இறங்கியது,
முழங்கால்வரை, செருப்புவரை.
பட்டாணி காதை மடித்து
நான் போடப்போகும் சத்தத்துக்குக் காத்திருந்தது.

நின்றேன்.
முடியட்டும் என்று நின்றேன்.
மிச்சம் இரண்டு மாடியும் இறங்கி
புல்லையும் காட்டிவிட்டு வந்தோம்.

விடிய முன்னம்
ஹமீதா மிஸ்ஸின் வாசலைத் துடைக்கவேண்டும்.